தட்டை வகுப்பறைக்குள் விடுங்கள்

வெயிலடித்தால் வராண்டா, மழை பெய்தால் வகுப்பறை. பல தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுக்கான இடம் இப்படித்தான் முடிவாகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. கிழமைக்கு ஒரு பண்டம் என்று பட்டியல் உண்டு. பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அளவும் உண்டு. எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைத்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வகுப்பறைதான் சரியான இடம் என்பது என் கருத்து.

காரணம், தாமதமாக வரும் பிள்ளை. வராண்டாவில் பந்தி முடிந்து பாத்திரம் கழுவப் போன பிறகு வந்து நிற்கும் பிள்ளை, "வீட்டிலேயே சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடும். விடியற்காலையிலேயே பெற்றோர் வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டுப் பிள்ளைதான் பெரும்பாலும் அது. வகுப்பறையில் மூடி போட்ட பாத்திரம் இருந்தால் வந்ததும் கை கழுவி உட்கார வேண்டியதுதான். அப்படி எடுத்துவைக்கும் பங்கை முதல் பாடவேளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் கிருமி பெருகத் தொடங்கும். பருப்பும் காயும் சேர்ந்த சாம்பார் சீக்கிரம் புளித்துப்போகும்.

அண்டாவை வகுப்பு வகுப்பாகத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. 30 பிள்ளைகளுக்கு ஒன்றரை கிலோ ரவை. வெந்தால் ஆறு கிலோவை நெருங்கும். அதை இரண்டு மூடித் தூக்குவாளிகளில் பிரித்து, சாம்பாரைத் தனியாகக் கொண்டுபோங்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் வரிசைக்குள் கொதிக்கிற சாம்பாரோடு நுழைவதுதான் இதில் இருக்கிற பெரிய ஆபத்து. பிள்ளைகளைச் சுவரோரமாக உட்கார வைத்து நடுவில் வழி விட்டால் போதும். யார் பக்கத்தில் யார் என்பது வருகைப் பதிவேட்டு வரிசைப்படி இருக்கட்டும். பிள்ளைகள் விருப்பத்துக்கு விட்டால் ஊரில் இருக்கிற பிரிவெல்லாம் பந்தியிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வகுப்பறைக்குக் கொண்டுபோகும்போது உப்புமா கட்டி தட்டுகிறது என்பது அடிக்கடி வரும் புகார். ஒரு கப் ரவைக்கு இரண்டரை கப் தண்ணீர் என்பது அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்குப் போகும் உப்புமாவின் கணக்கு. இருபது நிமிடம் வாளியில் இருக்கப்போகிறது என்றால் மூன்று கப் வேண்டும். இறக்கும்போது தளர்வாகத் தெரிவது பரிமாறும்போது சரியாக இருக்கும். ரவையை வறுக்காமல் போட்டால் எத்தனை கப் ஊற்றினாலும் கட்டிதான். இன்னொன்று, பொங்கலில் முழு மிளகு போடாதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொரு மிளகாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்த வாய்க்குப் போகும், அதற்குள் பொங்கல் ஆறி இறுகிவிடும். ஒன்றிரண்டாக இடித்துப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நேரம் வீணாவது சாப்பாட்டில் இல்லை, குழாயடியில். சோப்பு போட்டுக் கழுவ ஆளுக்கு 20 விநாடி என்றால் ஒரே குழாயில் 30 பேருக்குப் பத்து நிமிடம். மூன்று குழாய் இருந்தால் மூன்றரை நிமிடத்தில் முடியும். குழாய் இல்லாத இடத்தில் ஒருவர் குவளையால் தண்ணீர் ஊற்ற, பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வந்து கழுவலாம். பிள்ளைகள் கையை நேராகத் தண்ணீர் வாளிக்குள் முக்கினால் கழுவியும் பயனில்லை. முதல் சுற்றில் முழுப் பங்கையும் போடாமல் முக்கால் பங்கு போட்டு, மறுசோறு கேட்பவர்களுக்குப் போடுங்கள், மிச்சம் குறையும். பிள்ளைகள் சாப்பிடும்போதே வருகைப் பதிவை எடுத்துவிட்டால் ஐந்து நிமிடம் திரும்பக் கிடைக்கும்.

ஆசிரியர்களின் ஆட்சேபம் நியாயமானது. அறை நாறும், எறும்பு வரும், நோட்டில் சாம்பார் படும். பைகளை முதலில் ஓரமாகவோ அலமாரியிலோ வைத்துவிட்டால் நோட்டு தப்பும். சாப்பாட்டுக்கு முன்னால் கரும்பலகையை அழிக்கவே கூடாது. அந்தச் சாக்பீஸ் தூள் காற்றில் மிதந்து தட்டில்தான் வந்து இறங்கும். இனிப்பு ஏதாவது ஒரு துளி சிந்தினாலும் பாடம் தொடங்குவதற்குள் எறும்பு வரிசை வந்துவிடும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். சொட்டச் சொட்டத் துடைத்தால் பிள்ளைகள் வழுக்கி விழும். ஃபினாயில் ஊற்றுவதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தத் துணியை யார் பிடிப்பது? மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்க வந்தவர்கள். பாத்திரம் கழுவவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கும். ஈராசிரியர் பள்ளியில் ஆசிரியர் கையில் துடைப்பத்தைக் கொடுத்தால் ஒரு வகுப்பு அப்படியே நிற்கும். கடைசியில் ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள், அதை ஒத்துக்கொள்ளவே முடியாது. இரண்டு மூன்று அறை இருக்கிற பள்ளிக்குத் தினமும் ஒரு மணி நேரக் கூலியில் ஓர் ஆள் போதும். அந்தக் கூலியைத் திட்டச் செலவிலேயே சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், ரவையும் பருப்பும் போலவே.