டாக்கோவுக்கு இவ்வளவு காசா?

மெக்சிகன் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். அவரே இத்தாலியன் ரெஸ்டாரண்டில் ஒரு தட்டு பாஸ்தாவுக்கு அதே விலையை முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டு வருவார். பாஸ்தாவும் மாவுதான், கறியோ காயோ வைத்து மடித்து டாக்கோ ஆக்கும் டோர்ட்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டியும் மாவுதான். 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பிரெஞ்சு விருந்து முறையைச் சேர்த்தது. அதே ஆண்டு, அதே பட்டியலில் மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலும் இடம்பெற்றது. ஆனாலும் ஒன்று காஸ்ட்லியாக இருந்தால் மரியாதை, இன்னொன்று காஸ்ட்லியாக இருந்தால் கொள்ளை என்கிறோம். அமெரிக்காவில் இது இன்னும் உறுத்தலான விஷயம். அங்கே பிரெஞ்சு, இத்தாலியன் உணவகங்களின் சமையல்கட்டுகளில் நின்று வேலை பார்ப்பவர்களில் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அடுத்தவர் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்தால் அந்தக் கைக்கு ஒரு மதிப்பு, தன் வீட்டுச் சமையலைச் செய்தால் அதே கைக்குப் பாதி மதிப்பு. இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

நான் சொல்வது மாதக்கணக்கில் காத்திருந்து இடம் பிடிக்க வேண்டிய பெரிய இடங்களை அல்ல. நாலு தெரு தள்ளி இருக்கும், வாரநாள் சாயங்காலம் சும்மா போய் உட்காரக்கூடிய, ஆனால் விலை கொஞ்சம் தூக்கலான உணவகங்கள். சிகாகோவில் ரிக் பேலஸ் என்ற சமையல்காரர் 1987இல் ஃபிரான்டெரா கிரில்லைத் திறந்தார். மெக்சிகன் என்றால் மஞ்சள் சீஸ் உருகி வழியும் தட்டு என்று நினைத்திருந்த பல அமெரிக்கர்களுக்கு, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் சமையல் அது என்று காட்டிய இடங்களில் அதுவும் ஒன்று. இன்று பல நகரங்களில் அந்த மாதிரிக் கடைகள் இருக்கின்றன. விலையும் ஏறியிருக்கிறது. அந்த விலை நியாயமா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரே வழிதான் தெரியும்: டோர்ட்டியா.

காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, அதிலேயே ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் தோல் வழுக்கிக்கொண்டு வரும். அலசி, கல்லில் அரைத்தால் கிடைக்கும் மாவுதான் மாசா. இந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் அந்த மாவு ஒட்டாது, உருட்டித் தட்டவும் முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் நம் உடம்பில் சேருவதும் இதனால்தான். சோளத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோன ஐரோப்பியர்கள் இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த வடக்கு இத்தாலி ஏழைகளும், பிறகு 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநில மக்களும் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா என்ற நோயில் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். மெக்சிகோவின் சமையலறைப் பெண்களோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தினமும் அதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த வேலையைத் தன் சமையல்கட்டிலேயே செய்யும் உணவகம் எவ்வளவு கேட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன். துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். பிரித்ததும் ஆவியோடு சோள வாசனை முகத்தில் அடிக்கும். அங்கங்கே கல்லில் பட்ட கருப்புப் புள்ளிகள், ஓரம் கொஞ்சம் கோணல். மடித்தால் விரிசல் விடாது, உள்ளே சாறு ஒழுகினாலும் கடைசி வாய் வரை தாங்கும். நீலம், சிவப்பு, வெள்ளை என்று நிறமும் மாறும். மெக்சிகோவில் கிட்டத்தட்ட 60 வகை நாட்டுச் சோளங்கள் உண்டு. சிறு விவசாயிகளிடமிருந்து அவற்றை வரவழைக்கும் கடைக்காரர் சாதாரணச் சோளத்தைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கொடுக்கிறார். நாம் கொடுக்கும் காசு அங்கே போகிறது என்றால் சந்தோஷம்தான்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். சுவர் முழுக்க வண்ணம் பூசிய மண்டை ஓடு, தலைக்கு மேலே ஐம்பது விளக்கு, தட்டில் பார்த்தால் பாக்கெட்டில் வந்த டோர்ட்டியா. வாயில் போட்டால் அட்டை. அப்படிப்பட்ட கடைக்குக் கொடுக்கும் காசு தண்டம். அலங்காரத்துக்கு ஆள் வைக்கத் தெரிந்தவர்களுக்கு மாவரைக்க ஒருவரை வைக்க முடியாதா?

அப்புறம் மோலே, காய்ந்த மிளகாயை அரைத்துச் செய்யும் கெட்டியான குழம்பு. இதைச் 'சாக்லேட் சாஸ்' என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். மெக்சிகோவின் புவெப்லா வட்டார மோலேயில் சாக்லேட் ஒரு கை அளவுதான். ஆஞ்சோ, முலாட்டோ, பசியா என்று மூன்று வகைக் காய்ந்த மிளகாயைத் தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒரு நிமிடம் கூடிப்போனாலும் மொத்தமும் கசக்கும். எள், பாதாம், திராட்சை, பட்டை, கிராம்பு, சுட்ட தக்காளி எல்லாம் சேர்த்து அரைத்து, அந்த விழுதை மறுபடி கொழுப்பில் வதக்கி, மணிக்கணக்கில் கொதிக்க விட வேண்டும். நல்ல மோலேயில் முதலில் இனிப்பு மாதிரி ஏதோ தெரியும், பிறகு புகை, பிறகு லேசான கசப்பு, எல்லாம் இறங்கிய பிறகுதான் தொண்டையில் மிளகாய். "காரமே இல்லையே" என்று தட்டைத் தள்ளிவைக்காதீர்கள். அந்த மிளகாய்கள் காரத்துக்காக அல்ல, மணத்துக்காகப் போடப்பட்டவை. மெக்சிகோ நகரத்தில் என்ரிக்கே ஒல்வேரா நடத்தும் புஜோல் உணவகத்தில், ஆயிரம் நாளுக்கும் மேலாகச் சூடாக்கிச் சூடாக்கி வளர்த்த பழைய மோலேயை வட்டமாக ஊற்றி, நடுவில் புது மோலேயை வைத்துத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள டோர்ட்டியா மட்டும். கறி கிடையாது. சாறும் மாவுமே ஒரு முழு உணவு என்று நிமிர்ந்து சொல்லும் அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2024இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிச்லின் கையேடு முதன்முதலாக மெக்சிகோவுக்கு வந்தபோது, எல் கலிஃபா தே லியோன் என்ற சின்ன டாக்கோ கடைக்கும் ஒரு நட்சத்திரம் கொடுத்தது. நின்றுகொண்டே சாப்பிட வேண்டிய கடை. "பார்த்தாயா, ரோட்டுக் கடையே போதும், காஸ்ட்லி ரெஸ்டாரண்ட் எதற்கு?" என்று இதைக் காட்டிக் கேட்கிறார்கள். அந்தக் கடையின் பெருமை அதன் டோர்ட்டியாவிலும் இறைச்சியிலும் இருக்கிறது. மலிவாக இருப்பதில் இல்லை. அந்த அக்கறையோடு, உட்கார நாற்காலியும், மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருக்க இடமும், வேலை செய்பவர்களுக்குக் கட்டுப்படியாகும் சம்பளமும் தரும் கடை கூடுதலாகக் கேட்டால் அதில் தப்பே இல்லை.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மெனுவில் பீன்ஸ் என்று போட்டிருந்தால் அதில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கலாம், மோலேயிலும் அப்படித்தான், இலையில் சுற்றி ஆவியில் வேகவைக்கும் தமாலேயின் மாவிலும் கொழுப்பு சேர்ப்பார்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சர்வர் தயங்காமல் உள்ளே போய் விசாரித்து வந்து சொன்னால் சரி, தைரியமாகச் சாப்பிடலாம். "இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்று பதில் வந்தால் வேறு எதையாவது சொல்லுங்கள்.