தென்னாப்பிரிக்காவில் ஆசிய அணி வென்றதில்லையா?

தென்னாப்பிரிக்க மண்ணில் எந்த ஆசிய அணியும் டெஸ்ட் தொடரை வென்றதில்லை என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. இந்தியாவைப் பொறுத்தவரை அது சரி. 2010-11-இலும் 2023-24-இலும் 1-1 எனச் சமன் செய்ததே அவர்கள் இங்கே எட்டிய உச்சம். ஆனால், 2019 பிப்ரவரியில் இலங்கை அணி 2-0 என்று தொடரையே கைப்பற்றியது. அதற்கு முன் இங்கே டெஸ்ட் தொடர் வென்றவை ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மட்டுமே.

இலங்கை வென்ற அந்தத் தொடரின் முதல் போட்டி நம் டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில்தான் நடந்தது என்பதால், இங்குள்ள தமிழர்களே அதை மறந்துவிட்டுப் பேசுவது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது. 304 ஓட்டங்கள் என்ற இலக்கைத் துரத்திய இலங்கை 226 ஓட்டங்களுக்கு ஒன்பது விக்கெட்டுகளை இழந்து நின்றபோது, கடைசி ஆட்டக்காரர் விஷ்வ பெர்னாண்டோவைத் துணையாக வைத்துக்கொண்டு, ஸ்டெய்ன், ரபாடா ஆகியோரின் பந்துவீச்சுக்கு எதிராக மீதமிருந்த 78 ஓட்டங்களையும் குசல் பெரேரா சேர்த்து முடித்தார். அவர் ஆட்டமிழக்காமல் எடுத்தது 153. விஷ்வ பெர்னாண்டோ எடுத்தது வெறும் 6 ஓட்டங்கள்தான். ஆனாலும் அவர் தாக்குப்பிடித்த அந்த 27 பந்துகள் இல்லையென்றால் வெற்றியே இல்லை.

அது ஏதோ அதிர்ஷ்டத்தில் கிடைத்த ஒற்றை வெற்றி என்றும் சொல்ல முடியாது. அடுத்து போர்ட் எலிசபெத்தில் ஓஷத பெர்னாண்டோவும் குசல் மெண்டிஸும் ஆட்டமிழக்காமல் நின்று எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்று கொடுத்தார்கள். ஆகவே "ஆசிய அணிகள்" என்று எழுதியதை "இந்திய அணி" என்று திருத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.