ஏரிக்குள் ஓட்டும்போதும் பெல்ட் போடுங்கள், தம்பிகளா

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று கல்லூரிப் பையன்கள் பட்டறைக்கு வந்தார்கள். போட்டிக்காக அவர்களே கட்டிய பக்கி, அதாவது கரடுமுரடான தரையில் ஓட்டும் சின்ன வண்டி. அதன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் ஒன்று வளைந்துவிட்டது, நேராக்கித் தர முடியுமா என்று கேட்டார்கள். எப்படி வளைந்தது என்றேன். ஒருவன் ஆசையாகப் போனை எடுத்து வீடியோ காட்டினான். முந்தின நாள் ராத்திரி பதினொன்றரை மணி. தண்ணீர் வற்றிய ஏரிக்குள் அவர்கள் வண்டி முதல்முறையாக ஓடுகிறது. வெளிச்சம் என்று பார்த்தால் நாலைந்து பைக் ஹெட்லைட்தான். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் விசில் அடிக்கிறார்கள். ஓட்டுகிறவன் தலையில் ஹெல்மெட் இருக்கிறது, ஆனால் பட்டை மாட்டாமல் தொங்குகிறது. இடது கை ஸ்டியரிங்கில். வலது கை வெளியே நீண்டு, ஓட்டுபவனைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூண்டின் பக்கக் குழாயைப் பிடித்திருக்கிறது.

"பெல்ட் எங்கடா?"

"புது பெல்ட்டுங்கண்ணா. ஈவண்டுக்குன்னு கவர் பிரிக்காம வெச்சிருக்கோம்."

இந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் அவன் சொன்ன 'ஈவண்ட்', அதாவது போட்டியைப் பற்றி. பாஹா எஸ்ஏஇ (எஸ்ஏஇ என்பது வாகனப் பொறியாளர்கள் சங்கம்) என்பது பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்து, தாங்களே வெல்டிங் செய்து, தாங்களே ஓட்டும் ஒற்றை இருக்கை பக்கிக்கான போட்டி. நம் பையன்கள் 'பாஜா' என்றுதான் சொல்வார்கள். மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா பாலைவனத்தில் 1967 முதல் நடக்கும் ஆஃப்-ரோடு ரேஸிலிருந்து வந்த பெயர் அது. மாணவர் போட்டி 1976-ல் அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. இந்தியாவுக்கு 2007-ல் வந்தது. இந்தோருக்குப் பக்கத்தில் பிதம்பூரில்தான் முதலிலிருந்தே பேர்போனது. தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் ஒன்றரை நாள் உட்கார்ந்து, வண்டியை லாரியில் அனுப்பிவிட்டு, எத்தனையோ கல்லூரிகள் போய் வந்திருக்கின்றன. எங்கள் காலத்தில் எல்லோருக்கும் ஒரே இன்ஜின், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனியின் 10 குதிரைத்திறன் இன்ஜின். அதை நோண்டக் கூடாது. கடைசி நாள் நாலு மணி நேர எண்டியூரன்ஸ் ரேஸ். மேடு, பள்ளம், கல், சேறு எல்லாவற்றிலும் வண்டி தாக்குப்பிடிக்க வேண்டும்.

10 குதிரைத்திறன்தானே என்று தோன்றும். ஆனால் ஆளோடு சேர்த்து இருநூறு கிலோவைத் தாண்டும் இரும்பு, உயர்த்தி வைத்த சஸ்பென்ஷன், கரடுமுரடான தரை. கவிழ்வதற்கு வேகமே வேண்டாம். ஒரு முன்சக்கரம் வரப்பில் ஏறி, அதே நேரம் ஸ்டியரிங்கை ஒடித்தால் போதும்.

எனக்கு இது பாடப் புத்தகத்தில் வந்த அறிவு கிடையாது. பதினான்கு வருடத்துக்கு முன் எங்கள் கல்லூரி டீமுக்கு நான் கேப்டன். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இதே மாதிரி ஒரு வற்றின ஏரியில் டெஸ்டிங். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனை "நீ ஒரு ரவுண்டு போடுடா" என்று உட்காரவைத்தேன். இடுப்பில் கட்டும் லேப் பெல்ட் மட்டும் போட்டிருந்தான். அதுவும் பழசு. வளைவில் வண்டி மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, வலது பக்கம் சாய்ந்தது. இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருந்திருக்காது. விழப்போகிற யாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். தரையில் ஊன்றக் கையை வெளியே நீட்டினான். கூண்டின் குழாய் அவன் மணிக்கட்டின் மேல் இறங்கியது.

நாங்கள் எட்டுப் பேர் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினோம். அவன் கத்தவே இல்லை. "அண்ணா, கைக்கடிகாரம் உடைஞ்சிருச்சு" என்றான். கடிகாரத்தின் கண்ணாடி, ஈரச் செம்மண், அதற்குக் கீழே கை இருந்த கோணம், மூன்றும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன. இன்ஜின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினை உடனே அணைக்கும் கில் சுவிட்ச்சுக்கு வயர் இழுக்கவே இல்லை, "வயரிங் எல்லாம் கடைசியில பார்த்துக்கலாம்" என்று முடிவு செய்தவனும் நான்தான். கையில் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியது. ஆனால் இன்றுவரை அவனால் உள்ளங்கையை முழுதாக மேல்நோக்கித் திருப்ப முடியாது. கடையில் சில்லறை வாங்கும்போது இடது கையைத்தான் நீட்டுகிறான்.

ஆர்ம் ரிஸ்ட்ரெயின்ட் என்று ஒன்று இருக்கிறது. முழங்கைக்குக் கீழே மாட்டும் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு நாடா வந்து பெல்ட் பக்கிளில் கோர்த்துக்கொள்ளும். கை ஸ்டியரிங்கை நன்றாகத் திருப்பலாம். கூண்டுக்கு வெளியே மட்டும் போகாது. பக்கிளைத் திறந்தால் பெல்ட்டோடு சேர்ந்து இதுவும் கழன்றுவிடும், தீப்பிடித்தாலும் மாட்டிக்கொள்ள மாட்டோம். கையை உள்ளேயே வை என்று ஓட்டுபவனிடம் நூறு தடவை சொல்லலாம், வண்டி சாயும் அந்த அரை நொடியில் மூளை அதைக் கேட்காது. நாடா கேட்கும். போட்டியில் இது இல்லாமல் டிராக்கில் இறங்கவே விட மாட்டார்கள். அன்றைக்கு எங்கள் ஆர்ம் ரிஸ்ட்ரெயின்ட்டும் ஹாஸ்டல் அறையில், கவருக்குள், புத்தம் புதிதாக இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். போட்டி நடக்கும் இடத்தில் மார்ஷல் இருக்கிறார், கொடி இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது, ஒவ்வொரு போல்ட்டையும் பரிசோதகர் தொட்டுப் பார்க்கிறார். அங்கே ஓட்டுவது நாலைந்து நாள். அதற்கு முன்னால் ஏரியிலும், கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் பொட்டலிலும் வாரக்கணக்கில் ஓட்டுகிறோம். அந்த வண்டி அரைகுறை வண்டி. எது எப்போது உடையும் என்று கட்டினவனுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே டெஸ்டிங்கே! விதிப்புத்தகம் அதிகமாகத் தேவைப்படுவது அங்கேதான். நாமோ விதிப்புத்தகத்தைப் பிதம்பூர் கேட்டில் காட்டும் நுழைவுச்சீட்டு மாதிரி வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு விதியும் ஏன் அங்கே இருக்கிறது என்று பையன்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரோல் கேஜ், அதாவது கூண்டு. முக்கியக் குழாய்களுக்கு 25.4 மி.மீ. வெளிவிட்டம், சுமார் 3 மி.மீ. சுவர், குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் உள்ள எஃகு. வேறு அளவு போட்டால் இதற்குச் சமமான பலம் என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அளவு சரியாக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. என் தொழில் வெல்டிங், ஆகவே சொல்கிறேன், குழாய் பெரும்பாலும் ஏமாற்றாது. ஜாயின்ட்தான் ஏமாற்றும். அதனால்தான் போட்டியில் வெல்டிங் சாம்பிள் கேட்கிறார்கள். ஒரு ஜாயின்ட்டை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பார்கள். குழாய் கிழிய வேண்டும், வெல்டிங் விடக் கூடாது. ஆனால் டீமில் நடப்பது என்ன? சாம்பிளை நல்ல வெல்டரிடம் கொடுத்து அழகாகச் செய்து வாங்குகிறார்கள். கூண்டை ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்று நாள் தூங்காத பையன், குனிந்தும் படுத்தும் எட்டாத மூலையில் அடிக்கிறான். மேலே பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே ஊடுருவியே இருக்காது. கிரைண்டர் வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் என் கண்ணுக்கே தெரியாது. தயவுசெய்து சாம்பிள் அடித்த கைதான் கூண்டையும் அடிக்க வேண்டும். சாம்பிளில் ஒன்றிரண்டு கூடுதலாகச் செய்து, உங்கள் பட்டறையிலேயே வைஸில் மாட்டிச் சம்மட்டியால் அடித்து உடைத்துப் பாருங்கள்.

தலைக்கவசத்துக்கும் கூண்டுக்கும் நடுவே ஆறு அங்குலம், உடம்புக்கு மூன்று அங்குலம் இடைவெளி. பெல்ட் போட்டிருந்தாலும் கவிழும்போது உடம்பு ஆடும், நாடா இழுபடும், கழுத்து நீளும். அந்த ஆறு அங்குலம் அதற்கான இடம். ஓட்டுகிற உயரமான பையனை வைத்துத்தான் அளக்க வேண்டும். குட்டையானவனை உட்காரவைத்து அளந்து பாஸ் வாங்கிவிட்டு, ஏரியில் உயரமானவன் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

லேப் பெல்ட் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். வயிற்றின் மேல் ஏறினால் மோதலில் குடலும் கல்லீரலும்தான் அடி வாங்கும். கால்களுக்கு நடுவே வரும் பட்டை அசௌகரியமாக இருக்கிறது என்று கழற்றிவிடுகிறார்கள். லேப் பெல்ட்டை மேலே ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அந்தப் பட்டைதான்.

ஐந்து நொடிக்குள் வெளியே வர வேண்டும் என்பது இன்னொரு விதி. முழு உடுப்பு, கையுறை, ஹெல்மெட், பெல்ட் எல்லாம் போட்ட நிலையிலிருந்து. அந்த விபத்துக்கு அடுத்த வருடம் பிதம்பூரில் எங்கள் டிரைவருக்கு முதல் தடவை எட்டு நொடி ஆனது. கையுறையோடு பக்கிளைத் தேடினான். அன்று மாலை தங்கியிருந்த இடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, இருபது முப்பது தடவை இறக்கி ஏற்றினோம். புகையில் கண் தெரியாது இல்லையா? மறுநாள் நாலு நொடி.

சுழலும் பாகங்களைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்டுக்கு (சிவிடி பெல்ட் என்போம்) 1.5 மி.மீ. எஃகுத் தகடு அல்லது 3 மி.மீ. அலுமினியத்தில் மூடி போட வேண்டும் என்று விதி. டெஸ்டிங்கில் டியூன் பண்ண வசதியாக அதைக் கழற்றி வைத்துவிட்டே ஓட்டுவார்கள். 2018 பிப்ரவரியில் ஹரியானா பிஞ்ஜோரில் ஒரு பெண், 2020 அக்டோபரில் ஹைதராபாத் அருகே ஒரு பொறியியல் மாணவி, இருவருமே கோ-கார்ட் என்ற சின்ன ரேஸ் வண்டியில் தலைமுடி சிக்கி இறந்தார்கள். வெறும் பொழுதுபோக்கு டிராக். இப்போது நம் டீம்களில் பெண் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், ஓட்டவும் செய்கிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. பின்னலைச் சுருட்டி உடுப்புக்குள் விடுவது, துப்பட்டாவோடு வண்டிப் பக்கமே வராமல் இருப்பது, இதையெல்லாம் சங்கடப்படாமல் சொல்லுங்கள். நீளமாக முடி வளர்த்த பையன்களுக்கும், ஐடி கார்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி இன்ஜினுக்கு மேல் குனிபவர்களுக்கும் இதே பேச்சுத்தான்.

பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், ஓட்டுகிறவன் கீழே இறங்கியிருக்க வேண்டும், ஒருவர் தீயணைப்பானோடு பக்கத்தில் நிற்க வேண்டும். வாட்டர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து சூடான சைலன்சர் பக்கத்தில் ஊற்றுவது நம் ஊர் டெஸ்டிங்கில் சாதாரணம். இதற்கு மேல் என்ன சொல்ல?

வேடிக்கை பார்க்கிறவர்கள் வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது. சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயின்ட் விட்டாலோ சக்கரம் கழன்றாலோ வண்டி அந்தப் பக்கம்தான் வரும். வீடியோ நன்றாக வருவதும் அங்கேயிருந்துதான் என்பதால் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நிற்கிறார்கள்.

அப்புறம், பதிவெண் இல்லாத வண்டியைக் கல்லூரியிலிருந்து ஏரி வரைக்கும் ரோட்டில் ஓட்டிப் போவது சட்டப்படியே தப்பு. குட்டியானை வாடகைக்குக் கிடைக்கும், ஏற்றிப் போங்கள்.

செலவு ஒரு பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஸ்பான்சருக்காகப் பையன்கள் கடை கடையாக அலைவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஆனால் இறக்குமதி ஷாக் அப்சார்பருக்குக் காசு புரட்ட முடிகிறது. அதோடு பார்த்தால் பெல்ட்டும் ஆர்ம் ரிஸ்ட்ரெயின்ட்டும் பெரிய தொகையே இல்லை. டெஸ்டிங்கில் போட்டால் அழுக்காகிவிடும், பரிசோதகர் ஏதாவது சொல்வார் என்று பயந்துதான் கவர் பிரிக்காமல் வைக்கிறார்கள். அழுக்குக்காக யாரையும் திருப்பி அனுப்பிப் பார்த்ததில்லை. கிழிந்தால், தேதி காலாவதியானால்தான் ஏற்க மாட்டார்கள்.

காசைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு விஷயம். நம் டீம்களில் சீனியர் 'அண்ணா' சொன்னால் ஜூனியர் மறுக்க மாட்டான். அன்றைக்கு அந்தப் பையனுக்குப் பெல்ட் பழசு என்று தெரியும். பல வருடம் கழித்து ஒரு நாள் டீக்கடையில் என்னிடம் சொன்னான். "சொன்னா ஓட்டவே விடமாட்டீங்களோன்னு பயந்தேங்கண்ணா" என்றான். எனக்கு டீ இறங்கவில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட கையைத் தூக்கினால் வண்டி நிற்க வேண்டும். யாரும் ஏன் என்று கோபப்படக் கூடாது. கேப்டன் வேலையில் முதல் வேலை அதுதான். ஒரு சிவப்புத் துணியைக் குச்சியில் கட்டி, டீமிலேயே புதிதாகச் சேர்ந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபேக்கல்டி அட்வைஸர் கையெழுத்து விதிப்படிவத்தில் இருக்கிறது, ஏரியில் அவரைப் பார்த்ததே இல்லை. நீங்கள் வந்து நின்றால் போதும், பாதித் தப்பு நடக்காது. ராத்திரி டெஸ்டிங்குக்கு அனுமதி தராதீர்கள். காலை ஏழு மணிக்கு, தூங்கி எழுந்த பையன், ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு கார் ரோட்டைப் பார்த்து நிற்கிற நிலையில், ஓட்டச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பையன்களுக்கு அந்த ஆர்மை நேராக்கித் தரவில்லை. வளைந்து நிமிர்ந்த குழாய் அடுத்த தடவை சொல்லாமல் உடையும். புதிதாக ஒன்று செய்து வைத்திருக்கிறேன். பெல்ட்டைப் பிரித்து வண்டியில் மாட்டி, கில் சுவிட்ச் இரண்டுக்கும் வயர் இழுத்து, வண்டியோடு வந்தால் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கோவை சுற்று வட்டாரத்தில் இருக்கும் டீம்கள் கவனிக்கவும். என் பட்டறையில் இரண்டு செட் ஆர்ம் ரிஸ்ட்ரெயின்ட், ஒரு கழுத்துப் பட்டை, இரண்டு தீயணைப்பான் இருக்கின்றன. டெஸ்டிங்குக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். இன்பாக்ஸில் ஒரு நாள் முன்னாடி சொல்லுங்கள். மண்ணைத் தட்டி, காயவைத்துத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும், அடுத்த டீம் காத்திருக்கும்.