தண்டையார்பேட்டை என்றதும் மாறும் முகம்

"வீடு எங்கே?" என்று கேட்கிறார்கள். வடசென்னையில் தண்டையார்பேட்டை என்றதும் ஒரு நொடி மௌனம். பிறகு, "பார்த்தால் அப்படித் தெரியவில்லையே!" அதைப் பாராட்டு என்று நினைத்தே சொல்கிறார்கள். நேற்று அலுவலகச் சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சு. எங்கள் ஊர்க்காரர்கள் எப்படித்தான் தெரிய வேண்டும்?

அதையாவது பொறுத்துக்கொள்வேன். "திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம், நீங்களே சாட்சி" என்றார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிந்தது. நான் சாட்சி இல்லை. பள்ளியில் கணக்கில் என்னை எப்போதும் முந்தியவள் ஒருத்தி. கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. பத்தாம் வகுப்போடு நின்று, காசிமேட்டில் அம்மாவுடன் மீன்கூடை தூக்கினாள். அவளுக்கா திறமை இல்லை? நான் கல்லூரிக்குப் போனது, என் அக்கா படிப்பை விட்டுவிட்டுத் தையல் வேலைக்குப் போனதால். அந்தக் கணக்கு எந்த மதிப்பெண் பட்டியலிலும் இல்லை.

'மெரிட்டாக்ரசி', அதாவது திறமை உள்ளவர்களே மேலே வரும் அமைப்பு என்ற சொல்லை 1958-இல் பரவலாக்கிய பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங், அதை ஓர் எச்சரிக்கையாகத்தான் எழுதினார். வென்றவர்கள், எல்லாமே தங்கள் தகுதியால் வந்தது என்று இறுமாந்து, பின்தங்கியவர்களை இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்று அஞ்சினார். நேற்று என் எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டது அந்த இறுமாப்புதான். நாளை மறுபடியும் அதே மேசையில்தான் நான் சாப்பிட வேண்டும்.