முதல் வகுப்பிலேயே புஷ் எதற்கு?

கோப்புகளில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் மென்பொருளான கிட்டைக் கற்றுத் தருகிறவர்கள் மீது எனக்குத் தீராத மனக்குறை உண்டு. முதல் நாளே கிட்ஹப் என்ற இணையதளத்தில் கணக்குத் தொடங்கச் சொல்லி, "ஆட், கமிட், புஷ்" என்று மூன்று கட்டளைகளை மனப்பாடம் செய்யவைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆட் மாற்றத்தைப் பதிவுக்குத் தயாராக்கும்; கமிட் அதை வரலாற்றில் பதியும்; புஷ் பதிந்ததை இணையத்துக்கு அனுப்பும். எந்தக் கட்டளைக்குப் பிறகு நம் வேலை பத்திரமாகிறது என்பதைச் சொல்வதே இல்லை.

போன வாரம் எங்கள் தெருவிலுள்ள கல்லூரி மாணவன் மடிக்கணினியோடு வந்து நின்றான். "அக்கா, மூன்று நாள் வேலை போய்விட்டது" என்றான், குரல் கம்மியிருந்தது. ஏதோ பிழைச்செய்தி வந்ததும், இணையத்தில் கண்ட 'கிட் ரீசெட்' கட்டளையை 'ஹார்ட்' என்பதோடு சேர்த்து அடித்திருக்கிறான். பழைய கமிட்டுக்குத் திரும்பி, கோப்புகளையும் அதன்படியே மாற்றிவிடக்கூடிய கட்டளை அது. கமிட்களைப் பட்டியலிடும் 'கிட் லாக்' போட்டால் கடைசி மூன்று கமிட்களைக் காணோம்.

'கிட் ரீஃப்ளாக்' என்று அவனையே அடிக்கச் சொன்னேன். நாம் எந்தெந்த கமிட்டில் நின்றோம் என்று கிட் தானாகவே எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. மூன்றும் அங்கே இருந்தன. மூன்றுக்கும் 'அப்டேட்' என்றே செய்தி எழுதியிருந்ததால், ஒவ்வொன்றையும் 'கிட் ஷோ' போட்டுத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. கடைசி கமிட்டின் ஏழெழுத்து அடையாளத்தைக் கொடுத்து 'மீட்பு' என்று ஒரு பிராஞ்ச், அதாவது அந்தக் கமிட்டைச் சுட்டும் தனிக் கிளை, போட்டோம். அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

ஆனால் அன்று மதியம் முழுவதும் உட்கார்ந்து திருத்திய கோப்பு வரவில்லை. அதை அவன் கமிட் செய்யவில்லை, 'கிட் ஆட்' கூடச் செய்யவில்லை. ஆட் செய்திருந்தாலாவது அதன் நகல் கிட்டின் கிடங்குக்குள் போயிருக்கும்; துழாவி எடுத்திருக்கலாம்.

கிட்டிடம் ஒப்படைத்ததை மீட்கலாம், ஒப்படைக்காததை மீட்க முடியாது என்ற இந்த வேறுபாட்டைத்தான் முதல் பாடமாக வைக்க வேண்டும் என்கிறேன். அதற்கு இணையமே வேண்டாம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்காக எழுதியபோதே, முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும்படிதான் கிட்டை அமைத்தார். ஒரு காலிக் கோப்புறை, அதில் கிட்டைத் தொடங்கிவைக்கும் 'கிட் இனிட்', நாலு வரி எழுதிய ஓர் உரைக்கோப்பு, இவ்வளவு போதும். ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் 'கிட் ஸ்டேட்டஸ்' போட்டு, எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கட்டும். கமிட்டுக்கு முன் 'கிட் டிஃப்' போட்டு, தான் மாற்றியதைத் தானே படிக்கட்டும். புஷ் ஒரு வாரம் காத்திருக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ரீசெட்டை வகுப்பிலேயே, உங்கள் கண்முன்னே, மாணவர்களை அடிக்கச் சொல்லுங்கள். எது திரும்பி வருகிறது, எது வரவில்லை என்று அங்கேயே பார்க்கட்டும்.