அது பீஸ் லில்லி, லில்லி அல்ல

வெள்ளைப் பூவுள்ள ஒரு தொட்டிச் செடியின் படத்தைப் போட்டு, பூனை இருக்கும் வீட்டில் இதை வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு "பெயரிலேயே லில்லி இருக்கிறது, பூனை கடித்தால் சிறுநீரகம் போய்விடும், உடனே தூக்கி எறியுங்கள்" என்று இன்னொருவர் சொன்ன பதில் தவறு. படத்தில் இருப்பது பீஸ் லில்லி எனப்படும் ஸ்பாத்திஃபில்லம், சேம்புக் குடும்பத்துச் செடி. வெள்ளையாகத் தெரிவது இதழே அல்ல, பாளை, அதாவது பூங்கதிரைச் சூழ்ந்திருக்கும் இலை போன்ற மடல். உண்மையான பூக்கள் நடுவில் நிற்கும் கதிரில் பொடிப்பொடிப் புடைப்புகளாக நெருங்கி ஒட்டியிருக்கின்றன. நாளாக நாளாகப் பாளை பச்சையாகிவிடும்.

அசல் லில்லியில் இதழ் போன்றவை 6, மகரந்தத் தாள்கள் 6. செதில் செதிலான கிழங்கிலிருந்து தண்டு எழும்பி, அந்தத் தண்டிலேயே இலைகள் வரும். பீஸ் லில்லியிலோ இலைகள் மண்மட்டத்திலிருந்தே தனித்தனிக் காம்போடு கொத்தாகக் கிளம்புகின்றன. இது வெள்ளை ஆந்தூரியம் என்ற அலங்காரச் செடியாக இருக்கலாம் என்ற ஊகமும் பொருந்தாது: அதன் பாளை மெழுகு பூசியதுபோல் தடிப்பாக இருக்கும்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. பீஸ் லில்லி இலையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், எச்சில் வழியும், வாந்தியும் வரலாம். பூனைக்கு எட்டாத இடத்தில் வைத்தால் போதும்.

பூனையின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை அசல் லில்லியான லிலியமும் டே லில்லி எனப்படும் ஹெமரோகாலிஸும்தான். அவற்றின் மகரந்தம் ஒட்டிய ரோமத்தைப் பூனை நக்கினாலே உயிருக்கு ஆபத்து. லில்லி வைத்த பூச்சாடித் தண்ணீரும் அப்படியே. இந்த லில்லிகள் விஷயத்தில் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கவே கூடாது, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.