பார் ரூருக்குக் குடுக்கிற காசு குடிக்கு இல்லை, கூட்டிக்கொண்டு போறவருக்கு

வெளிநாட்டுக்குப் போற எங்கட சனம், முக்கியமா பொம்பிளையள், பகல் முழுக்க கோட்டையும் தேவாலயமும் சுத்திப் பார்த்துப்போட்டு பொழுதுபட்டா அறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டிப்போடுறது. அது வேண்டாம் எண்டு நான் சொல்லுறன். ஒரு ஊரின்ர சனம் வேலை முடிஞ்சு வந்து குந்தி இருந்து கதைக்கிற இடத்தைப் பார்க்காமல் அந்த ஊரைப் பார்த்தனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஐரோப்பாவில கன இடத்தில அது பார் தான். அதுக்குள்ள தனியப் போக எங்களுக்குப் பயம், அங்கத்தைய ஒழுங்கு தெரியாது, பாஷையும் தெரியாது. அதுக்குத்தான் கைட் ஒராள் நாலைஞ்சு பாருக்குக் கூட்டிக்கொண்டு போற ரூர் இருக்கு. ஆனா எல்லா ரூரும் ஒரே மாதிரி இல்லை, சிலது ஆளைக் கொல்லவும் கூடும். அதாலதான் நீட்டா எழுதுறன்.

ஜேர்மனியில இருக்கிற மச்சாளிட்டப் போயிருக்கேக்க ரெண்டு பேருமா பெர்லினில பஸ் எடுத்து செக் நாட்டின்ர தலைநகர் பிராக்குக்குப் போனம். மச்சாள் ஒரு பியர் குடிப்பா, நான் குடிக்கிறேல்லை, எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். புக் பண்ண முதல் மெசேஜ் போட்டு, நான் குடிக்கமாட்டன், வரலாமோ எண்டு கேட்டனான். தாராளமா வாங்கோ, உங்களுக்கு வேற குடிவகை தருவம், காசும் குறைப்பம் எண்டு பதில் வந்துது. அதிலயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்திட்டுது, ஏனெண்டா குடிக்கிறதை மட்டும் விக்கிற ஆக்களுக்கு குடிக்காத ஒராளை வைச்சு என்ன லாபம்.

கைட் ஒரு பொம்பிளை, முப்பது வயசு மட்டில இருக்கும், அந்த ஊரிலயே பிறந்து வளந்தவ. மொத்தமா பத்துப் பேர் வருவம், அதுக்கு மேல எடுக்கிறேல்லை எண்டு முதலே சொல்லியிருந்தவ. எல்லாரும் வந்து சேர்ந்த உடன அவ செய்த முதல் வேலை, ஒவ்வொருத்தரிட்டயும் எங்க தங்கியிருக்கிறியள், எப்பிடித் திரும்பிப் போவியள் எண்டு கேட்டு போனில எழுதினது. ராத்திரி ட்ராம் 91 இல இருந்து 99 வரைக்கும் நம்பர் போட்டு விடியவிடிய ஓடும், உங்களுக்கு எது சரிவரும் எண்டு ஆளாளுக்குச் சொன்னா. பியரைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்க முதல் இவ்வளவும் நடந்தது. ரூர் முழுக்க அவவும் ஒரு துளி குடிக்கேல்லை.

முதல் போன இடம் ஒரு பழைய பார், நீட்டு வாங்கு, நீட்டு மேசை, முன்னப்பின்ன தெரியாத ஆக்களுக்குப் பக்கத்திலயே இருக்கோணும். அங்க ஒரு ஒழுங்கு இருக்கு, கைட் சொல்லியிராட்டி எங்களுக்கு விளங்கியிராது. கிளாஸ் வைக்கிற மட்டையை முன்னுக்கு எடுத்து வைச்சா எனக்கு பியர் வேணும் எண்டு அர்த்தம், நீங்கள் கேட்கத் தேவையில்லை, வெயிட்டர் கொண்டுவந்து வைச்சுப்போட்டு மேசையில கிடக்கிற ஒரு சின்னக் கடதாசித் துண்டில பென்சிலால ஒரு கோடு போட்டிட்டுப் போவார். முடிய முடிய அடுத்தது வரும், வேண்டாம் எண்டு நீங்கள் சொல்லுற வரைக்கும். அந்தக் கடதாசிதான் பில், கோட்டை எண்ணிக் காசு. எங்கட மேசையில இருந்த ஒரு கிழவர் தன்ர கடதாசியை ஒரு விரலால பிடிச்சுக்கொண்டு அதில இருந்த ரெண்டு கோட்டை எங்களுக்குக் காட்டினார், பிறகு கையை விரிச்சு, இவ்வளவுதான், இனி வீட்டை எண்டு சைகை காட்டினார். உலகத்திலேயே ஆளுக்கு இவ்வளவு எண்டு கணக்குப் பார்த்தா கூடப் பியர் குடிக்கிற நாடு செக் தான், வருஷத்துக்கு ஆளுக்கு நூறு லீற்றருக்கு மேல. அந்த நாட்டில ஒரு கிழவர் ரெண்டோட எழும்பி தொப்பியைப் போட்டுக்கொண்டு போனதை நான் கண்ணால கண்டனான்.

ஊத்துறதையும் கிட்ட நிண்டு பார்க்க விட்டவை. கிளாஸை முதல் குளிர்தண்ணியில கழுவி ஈரத்தோடயே பிடிக்கினம், அடியில நுரையைத்தான் முதல் விடுகினம், பிறகு அந்த நுரைக்குக் கீழால பியரை விட நுரை மேல எழும்பி வருது. காத்துப் படாமல் அந்த நுரை தான் காக்குமாம், அதால மூண்டு விரல் அளவு நுரை இருக்கிறது ஏமாத்து இல்லை. எனக்கு கோஃபோலா எண்டு ஒரு சோடா தந்தவை, கம்யூனிஸ்ட் காலத்தில கோலாவுக்குப் பதிலா அவை தாங்களே செய்தது, கொஞ்சம் மருந்து மூலிகை வாசம், எனக்குப் பிடிச்சுப்போட்டுது.

இருந்த இடத்தில இருந்தே கைட் பில்சன் நகரத்தின்ர கதை சொன்னா. 1838 இல அந்த ஊர்ப் பியர் பழுதாப் போச்சுது எண்டு சனம் கோவத்தில 36 பீப்பாயை நகரசபைக்கு முன்னால கொண்டுவந்து ஊத்தினவையாம். அதுக்குப் பிறகு ஊரவை சேர்ந்து காசு போட்டு தங்களுக்கெண்டு ஒரு பியர் ஆலை கட்டி, பவேரியாவில இருந்து ஜோசப் குரோல் எண்டவரைக் கூப்பிட்டு 1842 இல செய்த பியர்தான் இண்டைக்கு உலகம் முழுக்க குடிக்கிற பொன் நிறப் பியருக்குத் தாய். பழுதானதை விக்காதே எண்டு ஊரே கூடிக் கேட்ட கதை இது. எனக்கு இந்தக் கதைக்கே குடுத்த காசு சரி.

மூண்டாவது இடத்தில ஒரு பெடியன், எங்கட குறூப்பில வந்தவன், வேகமாக் குடிச்சுப்போட்டு முகம் வெளிறத் தொடங்கிட்டான். கைட் கண்ட உடன எல்லாரையும் நிப்பாட்டினா. அவனுக்குத் தண்ணியும் பாணும் சூப்பும் எடுத்துக் குடுத்தா, அவன் தங்கியிருக்கிற இடத்துக்கு கோல் எடுத்துச் சொன்னா, டாக்ஸி வந்தோண்ண கூட வந்த சிநேகிதனையும் ஏத்தி விட்டா. திருப்பி கோல் எடுத்து ஆள் போய்ச் சேர்ந்திட்டார் எண்டு தெரிஞ்ச பிறகுதான் நாங்கள் அடுத்த இடத்துக்கு வெளிக்கிட்டது. ஆரும் முணுமுணுக்கேல்லை. பத்து மணிக்கு முதல் ரூரை முடிச்சும் போட்டா.

அந்தப் பத்து மணிக்கு ஒரு காரணம் இருக்கு. பிராக் நகரசபை 2024 ஒக்டோபரில ஒரு முடிவெடுத்தது, ராத்திரி 10 மணியில இருந்து விடிய 6 மணி வரைக்கும் கைட் வைச்சு பார் பாராக் கூட்டிக்கொண்டு திரியிற ரூர் நடத்தக்கூடாது எண்டு. பழைய நகரத்தில குடியிருக்கிற சனத்துக்கு நித்திரை இல்லை, வாசலெல்லாம் சத்தியும் சலமும். பார்சிலோனாவின்ர பழைய நகரப் பகுதியில 2012 இலயே இப்பிடியான ரூரைத் தடைசெய்தவை, மயோர்க்கா, இபிசா தீவுகளில குடிக்கெண்டே பேர்போன இடங்களில 2020 இல சட்டம் வந்தது. சுற்றுலாக் காசில சீவிக்கிற ஊருகள் தான் இவையெல்லாம், அவையே காணும் எண்டு சொல்லுற அளவுக்கு வந்திருக்கு எண்டா எவ்வளவு பட்டிருப்பினம் எண்டு யோசியுங்கோ.

அந்த மற்ற வகை ரூரையும் நான் பெர்லினுக்குத் திரும்ப முதல் வேற ஒரு தெருவில கண்டனான். ஐம்பது அறுபது பேர், எல்லாருக்கும் ஒரே நிற ரீசேட், முன்னுக்கு நிண்டவன் கையில ஒரு பிளாஸ்டிக் போத்தல், லேபல் இல்லை, வாயை ஆவெண்டு திறக்கச் சொல்லி வரிசையா ஊத்திக்கொண்டு போறான். ஒரு பிள்ளை, இருபது வயசும் வராது, நடைபாதைக் கல்லில இருந்திட்டா, ஒரு கால் சப்பாத்து கையில. கூட்டம் அவவை விட்டிட்டு அடுத்த முடக்கில திரும்பிட்டுது. மச்சாள் தான் தண்ணிப் போத்தலைக் குடுத்து, போனைத் திறக்கப்பண்ணி, அவவின்ர சிநேகிதியைக் கூப்பிட்டு, அவ வாற வரைக்கும் நாங்கள் பக்கத்தில இருந்தனாங்கள். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சுது. ஆரோ பெத்த பிள்ளை. காசு வாங்கினவன் எண்ணிப் பார்த்தானோ எத்தினை பேர் வந்தவை, எத்தினை பேர் இப்ப நிக்கினம் எண்டு?

லேபல் இல்லாத போத்தல் எண்டதை நான் சும்மா சொல்லேல்லை. 2024 நவம்பரில லாவோஸ் நாட்டில வாங் வியங் எண்ட சுற்றுலா ஊரில மெதனோல் எண்ட நச்சு அல்கஹோல் கலந்த குடியால வெளிநாட்டுக்காரர் ஆறு பேர் செத்தவை, எல்லாம் ஊர் பார்க்க வந்த ஆக்கள், கனபேர் இளம் பிள்ளையள். பணக்கார நாட்டில இது நடக்காது எண்டு நினைக்காதேங்கோ, அதே செக் நாட்டில 2012 செப்டெம்பரில மெதனோல் கலந்த சாராயத்தால பலர் செத்து, 20 வீதத்துக்கு மேல அல்கஹோல் உள்ள குடிவகை விக்கிறதையே கொஞ்சக் காலம் நாடு முழுக்க நிப்பாட்டி வைச்சவை. மெதனோல் மணத்திலயோ ருசியிலயோ பிடிபடாது, உடம்புக்குள்ள போய் ஃபோர்மிக் அமிலமா மாறி முதல் கண் நரம்பைத்தான் அடிக்கும், சாதாரண வெறி மாதிரித் தொடங்கி அடுத்த நாள் கண் மங்கும். கசிப்பு எண்ட கள்ளச்சாராயம் குடிச்சுச் செத்த ஆக்களைக் கண்ட ஊர் எங்கட ஊர், எங்களுக்கு இதை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சும்மா கிடைக்கிற ஷொட்டுக்கு வாய் திறக்காதேங்கோ. உங்கட கண்ணுக்கு முன்னால திறந்த போத்தல், இல்லாட்டிக் குழாயில வாற பியர், அதோட நிப்பாட்டுங்கோ.

அப்ப எந்த ரூருக்குப் போறது? குடிக்காத ஆளை எடுப்பியளோ, எத்தினை பேர் வருவினம், இடையில சாப்பாடு இருக்கோ, எத்தினை மணிக்கு முடியும், ஒருத்தருக்கு ஏலாமப் போனா ஆர் பார்க்கிறது. இதைக் கேளுங்கோ. நேராப் பதில் வந்தா போங்கோ. "அளவில்லாமல் குடிக்கலாம், ஒரு மணித்தியாலம் ஃப்ரீ" எண்டுதான் விளம்பரத்தில முதல் வரி இருந்தா, எவ்வளவு மலிவெண்டாலும் வேண்டாம்.

யாழ்ப்பாணம் குடிச்சு அழிஞ்சுகொண்டு கிடக்கு, நீ இதில பாருக்குப் போகச் சொல்லி எழுதுறியோ எண்டு கேட்கிற ஆக்களுக்கும் சொல்லோணும். உங்கட கவலை உண்மை, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட பார் திறக்கக்கூடாது எண்டு நிண்ட சனத்தோட நான் நிக்கிறன். ஆனா எங்கட குடி எப்பிடிப்பட்ட குடி? ஒளிச்சுக் குடிக்கிறது, மோட்டச்சைக்கிளில இருந்தே குடிக்கிறது, சாப்பிடாமல் குடிக்கிறது, பிறகு வீட்டை போய் மனுசிக்கு அடிக்கிறது. பக்கத்தில ஒரு ஆளும் இல்லை காணும் எண்டு சொல்ல. குடியைப் பற்றிப் பொம்பிளையள் வாய் திறக்கவே கூடாது எண்டுதான் இந்த நாடு வைச்சிருக்கு. 2018 ஜனவரியில அப்ப நிதி அமைச்சரா இருந்த மங்கள சமரவீர, பொம்பிளையள் மதுபானம் வாங்கக்கூடாது எண்ட பழைய தடையை எடுத்தார், சில நாளிலயே ஜனாதிபதி சிறிசேன அதைத் திரும்பப்பெறச் சொல்லிப்போட்டார். குடிக்காத எனக்கு இதில என்ன எண்டு கேட்காதேங்கோ. குடிகாரனால அடி வாங்கிறது நாங்கள், ஆனா கடை வாசலில நிக்க உரிமை இல்லை எண்டா எப்பிடி?

இப்ப இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கு. இஞ்ச கெஸ்ட் ஹவுஸ் நடத்துற எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை, வெள்ளைக்காரரைக் கள்ளு விக்கிற தவறணை தவறணையாக் கூட்டிக்கொண்டு போற ரூர் ஒண்டு தொடங்கப்போறன், நீ பிராக்கில கண்டதைச் சொல்லு எண்டு கேட்டவர். நல்ல விஷயம் எண்டுதான் சொன்னனான். ஆனா அண்ணை, இரவில வேண்டாம். கள்ளு இரவுச் சாமான் இல்லை, காலமையும் பின்னேரமும் இறக்கிற சாமான், மரத்தால இறக்கின உடன இருக்கிற ருசி சில மணித்தியாலத்தில மாறி அடுத்த நாள் புளிச்சுப் போயிடும். நாலு மணிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, பனைக்குக் கீழ நிக்க வையுங்கோ, மரம் ஏறக் காலில போடுற தளநாரும் பாளைக்கத்தியும் கள்ளுச் சேருற முட்டியும் எப்பிடி எண்டு காட்டுங்கோ. முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவினா அதே சாறு புளிக்காமல் கருப்பணியா நிக்கும், அதைக் காய்ச்சினா பனங்கட்டி, குடிக்காத ஆளும் அதை வாங்கிக் குடிச்சுக்கொண்டு கூட நடக்கலாம். பனையோலைப் பிளாவில குடுங்கோ, பிளாஸ்டிக் கப்பில வேண்டாம். பொரிச்ச மீனோ கணவாயோ பக்கத்தில இருக்கோணும். பூரணைப் போயா நாளில தவறணை பூட்டு எண்டதை புக்கிங் எடுக்கேக்கயே சொல்லுங்கோ. ஓட்டோ ஓடுறவர் அண்டைக்குத் தொடவே கூடாது.

முக்கியமா, மரம் ஏறுற ஆளுக்கு அவரின்ர நேரத்துக்குக் காசு தனியக் குடுக்கோணும். தவறணையில விக்கிற கள்ளுக்கு கூட்டுறவுச் சங்கம் குடுக்கிற காசு வேற, உங்கட விருந்தாளிக்கு அவர் நிண்டு விளங்கப்படுத்துற வேலை வேற. அவரைக் கேளாமல் படம் எடுக்க விடக்கூடாது. ஒடுக்கப்பட்ட சாதி எண்டு சொல்லி வைச்சிருந்த சனம் 1968 இல மாவிட்டபுரம் கோயிலுக்குள்ள போறதுக்கே போராட வேண்டியிருந்த ஊர் இது, கள்ளுச் சீவுற தொழில் செய்த குடும்பங்களை எப்பிடி நடத்தினனாங்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும். அந்தத் தொழிலை வைச்சு இப்ப நாங்கள் உழைக்கப்போறம் எண்டா அவைதான் அந்த ரூரின்ர கைட்டா இருக்கோணும், பின்னால மரத்தில தொங்கிற படமா இல்லை.

அண்ணை இதெல்லாத்துக்கும் ஓம் எண்டவர். உள்ளூர்ப் பொம்பிளையளும் வரலாமோ எண்டு கேட்கத்தான் கொஞ்சம் யோசிச்சவர், ஊர் என்ன கதைக்கும் எண்டு. பின்னேரம் நாலு மணி, பனைக்குக் கீழ கருப்பணி, இதில கதைக்க என்ன இருக்கு எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். சீசன் தொடங்கேக்க என்னோட வேலை செய்யிற அக்காமார் ரெண்டு பேரும் வாறம் எண்டிருக்கினம், வேற ஆரும் வாறதெண்டாச் சொல்லுங்கோ, பேரைச் சேர்த்துக் குடுக்கிறன்.